பயணப் படம் ஓவியமாகும்போது: புத்தளம் கரையோரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்துக்கு வந்துபோகிறவர்கள் பல வகையினர். கற்பிட்டியில் டொல்பின் பார்க்கவும் கடற்காற்றில் பட்டம் கட்டிச் சறுக்கவும் வெளிநாட்டவர்கள் வருகிறார்கள். தலவில புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாவுக்கும் முன்னேஸ்வரத்துக்கும் உடப்பு திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்கும் வடக்கு, கிழக்கு, மலையகம் என எல்லாப் பக்கமிருந்தும் பக்தர்கள் வருகிறார்கள். புலம்பெயர்ந்த உறவினர்கள் விடுமுறைக்கு வந்து ஒரு வானை வாடகைக்கு எடுத்துக் கரையோரமாகச் சுற்றிப் போகிறார்கள். திரும்பும்போது எல்லோருடைய கைப்பேசியிலும் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை மறுபடி பார்க்கப்படுவதே இல்லை.

அப்படிக் கிடக்கும் சாதாரணப் படமொன்றை ஓவியமாக்கும் ஆசை இப்போது பலருக்கு வந்திருக்கிறது. சிலர் தூரிகை எடுக்கிறார்கள். பலர் செயலியொன்றில் படத்தைப் போட்டு ஒரு பொத்தானை அழுத்துகிறார்கள். இரண்டும் எப்படி நடக்கின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆனால் போரில் வீட்டையும் உறவையும் அவற்றின் படங்களையும் இழந்தவர்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கு விடயம் மாத்திரமல்ல. ஏன் என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

இந்தக் கரையின் இரண்டு படங்கள்

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்கே திறந்த கடல்; கிழக்கே புத்தளம் களப்பு. மேற்குக் கரையில் நின்றால் சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்கலாம். களப்புப் பக்கம் நின்றால் விடியற்காலையில் நீருக்கு மேலே எழுவதைப் பார்க்கலாம். உப்பளங்கள், தென்னந்தோப்புகள், கருவாடு காயும் மணல்வெளிகள், காற்றாலைகள், நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி, ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கிய கற்பிட்டிக் கோட்டை: படம் எடுக்க இங்கே பொருளுக்குப் பஞ்சமில்லை. கோட்டை கடற்படை முகாம் வளாகத்தில் இருப்பதால் அங்கே கமராவைத் தூக்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது.

இதே கரைக்கு இன்னொரு படமும் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை முற்றாக வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் பெருந்தொகையானோர் படகுகளில் கடல்வழியாகக் கற்பிட்டியில் வந்து இறங்கினார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் ஏறத்தாழ இரண்டு மணிநேரம். நகையும் பணமும் பறிக்கப்பட்டு, கையில் சில உடுப்புகளோடு நடந்தவர்களில் ஏராளமானோருக்குப் புத்தளம் மாவட்டமே ஓலைக் கொட்டிலும் பின்னர் வாழ்விடமும் ஆனது. சரியாக ஐந்து வருடங்களின் பின், 1995இல் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்துத் தமிழர்கள் மழைக்குள் செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். அவர்களும் தூக்கக் கூடியதைத்தான் தூக்கினார்கள். இரண்டு பயணத்திலும் வீட்டுச் சுவரில் தொங்கிய படங்களுக்கு மூட்டையில் இடம் கிடைத்தது அரிது.

ஆகவே கற்பிட்டி இறங்குதுறையில் சுற்றுலாப் பயணி ஒருவர் எடுக்கும் மாலைப்படமும், அதே துறையில் 1990இல் இறங்கியவர் மனதில் வைத்திருக்கும் படமும் ஒன்றல்ல. கமரா முதலாவதை எடுத்துவிடும். இரண்டாவதை எடுக்க அதனால் முடியாது. ஓவியத்தின் வேலை இந்த இடைவெளியில்தான் தொடங்குகிறது.

கமரா பார்ப்பதும் கண் பார்ப்பதும்

கைப்பேசியின் பிரதான வில்லை அகன்ற பார்வை கொண்டது. பழைய கமராக் கணக்கில் சொன்னால் பொதுவாக 24 முதல் 28 மில்லிமீற்றர் வரை. அது அருகிலுள்ளதைப் பெருப்பித்து, தூரத்திலுள்ளதைச் சிறுப்பித்துக் காட்டும். களப்புக்கு அப்பால் நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த தீவுக்கரை படத்தில் ஒரு நூலளவு கோடாகிவிடுவது அதனால்தான். கமராவை மேல்நோக்கிச் சரித்துப் பிடித்தால் பள்ளிவாசல் மினாராவும் கோயில் கோபுரமும் பின்னால் சாய்ந்து நிற்கும். உச்சி வெயிலில் வானம் வெளிறிப்போகும் அல்லது கொட்டில் நிழல் கறுத்துப்போகும். புதிய கைப்பேசிகள் ஒரே கணத்தில் பல படங்களை எடுத்து ஒன்றாக்கி இதைச் சரிசெய்ய முயல்கின்றன. அப்போது நிழலும் வெயிலும் ஒரே மட்டத்துக்கு வந்து, அந்த வெயிலின் கடுமையே காணாமல் போகிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. கமராவுக்கு எல்லாமே சமம். வள்ளம், வலை, பிளாஸ்ரிக் போத்தல், மின்கம்பி, பின்னால் நிற்கும் முச்சக்கரவண்டி அனைத்தையும் அது ஒரே அக்கறையோடு பதிந்துவிடும். நம் மனம் அப்படியல்ல. தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளும். எதை வைப்பது, எதை விடுவது என்று தெரிவு செய்வதுதான் படத்தை ஓவியமாக்கும் முதல் வேலை.

ஒளிப்படத்தைப் பார்த்து வரைவது ஏமாற்று வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. உலகின் பெரிய ஓவியர்கள் அப்படி நினைக்கவில்லை. வின்சென்ற் வான் கோ 1888 ஒக்டோபரில் பிரான்சின் ஆர்ள் நகரில் இருந்தபோது, நெதர்லாந்திலிருந்த தன் தாயின் கறுப்பு வெள்ளைப் படமொன்றைப் பார்த்து ஓவியம் வரைந்தார். நிறமில்லாத அந்தப் படத்தைத் தன்னால் சகிக்க முடியவில்லை என்றும், நினைவில் தாயைக் காணும் நிறங்களில் அவரை வரைய முயல்வதாகவும் தம்பிக்கு எழுதினார். உருவம் படத்திலிருந்து வந்தது. நிறம் நினைவிலிருந்து வந்தது. இந்த ஒரு வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் மிகுதியெல்லாம் கைப்பழக்கம்.

கையால் வரைவது எப்படி?

முதலில் படத்தைத் தெரிவு செய்யுங்கள். அழகான படம்தான் வேண்டுமென்றில்லை. வெளிச்சமும் இருளும் தெளிவாகப் பிரிந்திருக்கும் படம் வேண்டும். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். மூன்று நான்கு பெரிய வடிவங்களாகப் படம் பிரிந்து தெரிந்தால் அது வரையத் தகுந்தது. காலை ஒன்பது மணிக்கு முன்னரும் மாலை நான்கு மணிக்குப் பின்னரும் எடுத்த படங்களில் நிழல் நீண்டு விழுவதால் இது இலகு.

அடுத்து, படத்தை அச்சிடுங்கள். ஸ்ரூடியோவில் போடும் 4க்கு 6 அங்குல அச்சு போதும். ஆனால் கைப்பேசிப் படம் பெரும்பாலும் 3க்கு 4 என்ற விகிதத்தில் இருப்பதால், அந்த அளவில் அச்சிடும்போது இரு ஓரங்களில் கொஞ்சம் வெட்டுப்படும். எது வெட்டுப்படுகிறது என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். வேறொருவர் நீங்கள் அறியாமலே உங்கள் படத்தைத் தெரிவு செய்யக் கூடாது.

பிறகு கட்டம் போடும் முறை. அச்சின் மீது ஒவ்வொரு அங்குலத்துக்கும் நெடுக்கும் குறுக்குமாகக் கோடிட்டால் 24 சதுரங்கள் கிடைக்கும். 12க்கு 18 அங்குலத் தாளில் மூன்று அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டால் அதிலும் 24 சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் உள்ளதை மட்டும் பார்த்து அதற்குரிய சதுரத்தில் வரைந்தால், படம் மும்மடங்காகப் பெருத்து, பிழையின்றி வந்து சேரும். பாடசாலையில் சித்திரம் படித்தவர்களுக்கு இது தெரிந்த முறைதான். சாய்ந்து நிற்கும் மினாராவையும் சரிந்து கிடக்கும் கடற்கோட்டையும் இந்தக் கட்டத்திலேயே நிமிர்த்திக்கொள்ளலாம்.

நிறம் தீட்டுமுன் அதே படத்தைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். மிக வெளிச்சமான இடம், மிக இருண்ட இடம், இரண்டுக்கும் நடுவே உள்ளவை என மூன்றாகப் பிரித்துச் சிறிய தாளில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். நிறம் கொஞ்சம் தவறினாலும் ஓவியம் நிற்கும். வெளிச்சமும் இருளும் தவறினால் நிற்காது.

நீர்வர்ணம் என்றால் வெளிறியதிலிருந்து இருண்டதை நோக்கிப் போக வேண்டும். வெள்ளை என்பது அங்கே வர்ணமல்ல, தாள்தான். அலையின் நுரையையும் உப்புக் குவியலின் உச்சியையும் தொடாமல் விட்டுவிட வேண்டும். சாதாரண சித்திரக் கொப்பித் தாள் ஈரத்தில் சுருண்டுவிடும். சதுர மீற்றருக்கு 300 கிராம் நிறையுள்ள தாளை வாங்கி, ஓரங்களைப் பலகையில் நாடாவால் ஒட்டிக்கொண்டால் சுருளாது. அக்ரிலிக் வர்ணத்தில் எதிர்ப்பக்கமாகவும் போகலாம். அது காய்ந்தபின் இருண்டதன் மேல் வெளிறியதைப் பூசினாலும் மறைத்து நிற்கும்.

இந்தக் கரைக்கே பொருந்தும் ஒரு உத்தி உண்டு. தாளில் பூசிய நீர்வர்ணத்தின் பளபளப்பு குறையத் தொடங்கும் நேரத்தில் அதன்மீது உப்புக்கல் சிலவற்றைத் தூவுங்கள். உப்பு தன்னைச் சுற்றியுள்ள ஈரத்தை இழுக்க, வர்ணம் விலகி, சின்னச் சின்ன வெளிறிய பூக்கள் போல வடிவங்கள் தோன்றும். நன்றாகக் காய்ந்த பின் உப்பைத் தட்டிவிடலாம். உப்பளத்தின் தரையையும் ஈரமணலையும் காட்ட இதைவிட மலிவான வழியில்லை.

கடல் என்றதும் நீலத்தை எடுக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். களப்பு நீர் பெரும்பாலும் சாம்பலும் பச்சையும் கலந்தது. தூரம் போகப்போக எல்லா நிறமும் வெளிறி, நீலச் சாயல் பெறும். மணலின் நிழல் கறுப்பல்ல, ஊதா கலந்த மண்ணிறம்.

பாதி வேலை முடிந்ததும் படத்தைக் கவிழ்த்து வையுங்கள். மிச்சத்தை நினைவிலிருந்து முடியுங்கள். அந்த நேரத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, எது உங்களை அந்த இடத்தில் நிறுத்தியது என்பதெல்லாம் படத்தில் இல்லை. அவை உங்களிடம் இருக்கின்றன.

செயலி என்ன செய்கிறது?

2015இல் ஜேர்மனியின் டியூபிங்கன் நகரத்து ஆய்வாளர்களான கேட்டிஸ், எக்கர், பெத்கே ஆகிய மூவரும் ஒரு முறையை வெளியிட்டார்கள். படங்களை இனங்காணப் பழக்கப்பட்ட கணினி வலையமைப்பு ஒரு படத்தை அடுக்கடுக்காகப் பார்க்கிறது. மேல் அடுக்குகளில் இது படகு, இது மரம் என்ற உள்ளடக்கம் பதிகிறது. எந்த நிறம், எந்தக் கோடு, எந்தத் தடவல் எவற்றோடு சேர்ந்து வருகின்றன என்ற கணக்கிலிருந்து ஓவியத்தின் பாணி கிடைக்கிறது. உங்கள் படத்தின் உள்ளடக்கத்தையும் வான் கோ ஓவியமொன்றின் பாணியையும் ஒரே படத்தில் பொருத்துவதே அந்த முறை. அடுத்த வருடம், 2016இல், பிரிஸ்மா என்ற செயலி இத்தகைய வித்தையைக் கோடிக்கணக்கானோரின் கைப்பேசிக்குக் கொண்டுவந்தது.

அந்தத் தலைமுறைச் செயலிகள் இருந்ததன் மேல் தோலைத்தான் மாற்றின. இப்போதைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் அதற்கு அப்பால் போய்விட்டன. அவை உங்கள் படத்தை ஒரு சாட்டாக வைத்துக்கொண்டு, தாம் முன்பு பார்த்த எண்ணற்ற படங்களின் பழக்கத்திலிருந்து புதிய படமொன்றை உருவாக்குகின்றன. அதனால் பனை தென்னையாகலாம். வள்ளத்தின் பக்கத்தில் எழுதியிருந்த பெயரும் பதிவிலக்கமும் எழுத்துப்போன்ற கிறுக்கலாகலாம். கடைப் பலகையின் தமிழ் எழுத்து எந்த மொழியும் இல்லாத வளைவாகலாம். கருவாடு காயவைக்கும் பெண்ணின் முகம், எங்குமே வாழ்ந்திராத ஒரு பெண்ணின் முகமாகலாம். பார்ப்பதற்கு அழகாகவே இருக்கும். ஆனால் அது புத்தளம் அல்ல.

கையால் வரைபவரும் மாற்றத்தானே செய்கிறார் என்று கேட்கலாம். மாற்றுகிறார். ஆனால் எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்பது அவருக்குத் தெரியும், கேட்டால் சொல்வார். செயலி சொல்லாது.

மூலப்படம் ஒரு சாட்சியம்

இங்கேதான் நமது மக்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் வருகிறது. கைப்பேசியில் எடுத்த மூலப்படத்தின் கோப்புக்குள் எடுத்த திகதி, நேரம், அனுமதித்திருந்தால் இடத்தின் அமைவிடம்கூடப் பதிவாகியிருக்கும். அதை வாட்ஸ்அப்பில் வழமைபோலப் படமாக அனுப்பினால் படம் சுருக்கப்பட்டு, அந்தத் தகவல்களும் நீங்கிவிடும். செயலி கொடுக்கும் ஓவியமோ வேறொரு புதிய கோப்பு. மூலத்தின் தகவல் அதில் இருக்குமென்று நம்ப முடியாது. இடம்பெயர்ந்த குடும்பம் ஊர் திரும்பிப் பார்த்தபோது எடுத்த இடிந்த சுவரின் படம், காணி எல்லைக் கல்லின் படம், இன்னொருவர் வேலிபோட்ட காணியின் படம் ஆகியவை பயணப் படங்கள் போலத் தோன்றினாலும் ஒருநாள் ஆவணமாகத் தேவைப்படலாம். ஓவியமாக்குங்கள், ஆனால் மூலத்தை அழிக்காதீர்கள், அதன்மேல் சேமிக்காதீர்கள். பிரதியெடுத்து அந்தப் பிரதியில் வேலை செய்யுங்கள். மூலத்தை வேறோர் இடத்திலும் சேமித்து வையுங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்கள் விடயத்தில் இது இன்னும் முக்கியம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய தொடர் போராட்டங்களில் தாய்மார் ஏந்தி நிற்பது பெரும்பாலும் மங்கிய அடையாள அட்டைப் படங்களையும் குடும்பப் படங்களிலிருந்து வெட்டிப் பெருப்பித்த முகங்களையும்தான். மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் கருவிகள் இப்போது இலவசமாகக் கிடைக்கின்றன. அவை இல்லாத தெளிவை எங்கிருந்தும் மீட்பதில்லை; ஊகித்து நிரப்புகின்றன. மூக்கின் வளைவும் கண்ணின் இடைவெளியும் மச்சமும் மாறிப்போகலாம். வீட்டுச் சுவரில் மாட்ட ஒருவர் அதைச் செய்தால் அது அவருடைய ஆறுதல். அடையாளம் காட்டுவதற்கோ முறைப்பாட்டோடு இணைப்பதற்கோ அப்படிப்பட்ட முகத்தைக் கொடுக்கக் கூடாது. மங்கலாக இருந்தாலும் மூலப்படமே உண்மையானது.

மங்கலையே உண்மையாகக் காட்டிய ஓவியர் ஒருவரும் இருக்கிறார். ஜேர்மனியில் 1932இல் பிறந்த கெர்ஹார்ட் ரிக்டர், 1965இல் தன் குடும்ப அல்பத்துப் படங்கள் இரண்டை ஓவியமாக்கினார். ஒன்று, இராணுவச் சீருடையில் சிரித்து நிற்கும் தாய்மாமன் ருடி. அவர் போரில் இறந்தவர். மற்றது, குழந்தையான ரிக்டரை வைத்திருக்கும் சின்னம்மா மரியான். மனநோயாளர்களைக் கொன்றொழித்த நாசிகளின் திட்டத்துக்குப் பலியானவர். ஒரே குடும்பத்தில் அந்த அரசின் சிப்பாயும் அந்த அரசு கொன்ற பெண்ணும். ரிக்டர் படங்களை அப்படியே நுணுக்கமாக வரைந்துவிட்டு, ஈரம் காயுமுன் உலர்ந்த தூரிகையால் இழுத்து மங்கலாக்கினார். யாரையும் நல்லவராகவும் ஆக்கவில்லை, தீயவராகவும் ஆக்கவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டவுமில்லை. ஒரே குடும்பத்துக்குள் பல தரப்பின் நினைவுகளைச் சுமப்பவர்களுக்கு இந்த அணுகுமுறை அந்நியமாக இருக்காது.

பிறரைப் படம் எடுக்கும்போதும் ஒரு ஒழுங்கு வேண்டும். கரைவலை இழுப்பவரும் உப்பளத்தில் குனிந்து நிற்பவரும் கொட்டில் வாசலில் இருக்கும் பிள்ளையும் நம் ஓவியத்துக்கான காட்சிப்பொருட்கள் அல்ல. முகம் தெரிய வரைவதானால் கேளுங்கள். கேட்க முடியாமல் போயிருந்தால் முகத்தை விட்டு, உடலின் அசைவை மட்டும் வரையுங்கள். முகாம்களில் வாழ்ந்தவர்கள் அனுமதியின்றிப் படமெடுக்கப்படுவதன் வலியை அறிவார்கள்.

படமே இல்லாதவர்களுக்கு

ஓவியமாக்க ஒரு படமும் மிஞ்சாதவர்கள் என்ன செய்வது? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை கற்பிக்கும் ஓவியர் தாமோதரம்பிள்ளை சனாதனன் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறார். 2011இல் ரேக்கிங் லீவ்ஸ் வெளியிட்ட அவரது நூலின் பெயர் தமிழில் 'முழுமைபெறாத தோம்பு' என்று பொருள்படும். தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பேணிய காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்த மக்களிடம் அவர் தாள் கொடுத்து, விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அந்தக் கோணல் கோடுகள், அவற்றைக் கட்டடக்கலை முறைப்படி திருத்தி வரைந்த படம், அந்த நினைவுக்குச் சனாதனன் தீட்டிய ஓவியம் என நூல் அடுக்கடுக்காகச் செல்கிறது. கமரா எடுக்காத வீடுகள் அதில் பதிவாகின. அரசின் தோம்பு காணியின் அளவைச் சொல்லும். இந்தத் தோம்பு கிணற்றடி எங்கே, சாமியறை எங்கே, ஆச்சி படுத்த திண்ணை எங்கே என்பதைச் சொல்லும்.

இதை எவரும் வீட்டில் செய்யலாம். புத்தளத்தில் வாழும் வடபுலத்து முஸ்லிம் குடும்பங்கள் பல, 2002 சமாதான காலத்தில் ஏ9 பாதை திறந்தபோதும் 2009இன் பின்னரும் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவுக்கும் மன்னாருக்கும் போய்ப் பார்த்துவந்தன. வன்னியிலிருந்து இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களும் அப்படியே தம் ஊர்களுக்குப் போய்ப் பார்த்தன. அப்படிப் போனவர்களின் கைகளில் இருப்பது கூரையில்லாத சுவர்களின் படங்கள். அந்தப் படத்தைக் கட்டம் போட்டுத் தாளுக்கு மாற்றுங்கள். சுவரை உள்ளபடி கடும் கோட்டில் வரையுங்கள். பிறகு பெரியவர்களைப் பக்கத்தில் இருத்தி, கூரை எப்படி இருந்தது, கதவுக்கு என்ன நிறம், முற்றத்தில் என்ன மரம் என்று கேட்டு, அவற்றை மெல்லிய நிறத்தில் சேருங்கள். பார்த்ததும் நினைத்ததும் ஒரே தாளில், ஆனால் வேறுவேறாகத் தெரிய வேண்டும். அம்மம்மாவும் உம்மம்மாவும் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. இன்னும் பத்து வருடத்தில் கேட்பதற்கு ஆள் இருக்காது.

பின்பக்கத்தில் எழுத வேண்டியவை

ஓவியம் முடிந்ததும் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் ஐந்து விடயங்களை எழுதுங்கள்: எந்த இடம், மூலப்படத்தை யார், எப்போது எடுத்தார், யார், எப்போது வரைந்தார், படத்தில் இல்லாமல் நினைவிலிருந்து சேர்த்தவை எவை, அந்த நினைவு யாருடையது. செயலியில் செய்ததானால் அதையும் அப்படியே எழுதுங்கள். நீர்வர்ண ஓவியம் நேரடி வெயிலில் வெளிறும் என்பதால் ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். மாட்டாமல் வைப்பதானால் ஈரம் படாத உறையொன்றில், மூலப்படத்தின் அச்சுப் பிரதியையும் சேர்த்து வையுங்கள்.

அந்த ஐந்து வரியும் இருந்தால், அடுத்த தலைமுறை அந்த ஓவியத்தைப் பார்க்கும்போது எது கமரா கண்டது, எது பெரியவர்கள் சொன்னது என்று பிரித்தறியும். இரண்டையும் நம்பவும் முடியும்.